தொழிற்சங்கத்தின் கேடயமும் தொழிலாளியின் மௌனமும்

மாத்தளை மாவட்டத்தின் மலைத் தோட்டங்களில், இரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ கம்மடுவையிலோ ஒரு வேலைநிறுத்தம் நடக்குமாயின், பிரட்டுக்களத்தில் கூடிய கூட்டத்தையும் தலைவர்களின் பேச்சையும் பூட்டிக் கிடக்கும் தொழிற்சாலையையும் பற்றிப் பத்திரிகைகள் எழுதும். வேலைநிறுத்தம் முடிந்து, கொழுந்துக் கூடைகள் மறுபடியும் மலையேறிய பின்னர், தோட்டத்துக் காரியாலயத்திலிருந்து சிலருடைய பெயருக்கு மட்டும் கடிதங்கள் வரத் தொடங்குவதை எவரும் எழுதுவதில்லை. இன்ன நாளில் இன்ன இடத்தில் தேயிலை லொறியை மறித்தீர், தோட்டத்துரையை வெளியே செல்லவிடாது தடுத்தீர், உம்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாகாது என்பதற்கு இத்தனை நாட்களுக்குள் காரணம் காட்டுக என்பது அக்கடிதங்களின் சாரம். அதே சம்பவத்தைப் பற்றிப் பொலிஸ் நிலையத்தில் ஒரு முறைப்பாடு இருக்கும். அது நீதவான் நீதிமன்றத்துக்குப் போகக்கூடும். நிர்வாகம் மனம் வைத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் நஷ்டஈடும் தடையுத்தரவும் கோரி ஒரு சிவில் வழக்கும் தொடரப்படலாம். மூன்று இடங்களிலும் விசாரிக்கப்படுவது ஒரே மனிதனும் ஒரே நாளும் ஒரே லொறியுந்தான். ஆயினும், ஓரிடத்தில் அவன் முதன்முதலாக வாய்திறந்து சொன்ன சொல், அதை அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், மற்ற இரண்டு இடங்களுக்கும் அவனைப் பின்தொடர்ந்து செல்கிறது என்பதே இவ்விஷயத்தின் முடிச்சு.

இம்முடிச்சு எவ்வாறு விழுந்தது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து, வழியிலே கொள்ளைநோய்க்குப் பலரைப் பறிகொடுத்து, மாத்தளையை அடைந்த கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கு, வேலையை விட்டு விலகுவது வெறும் ஒப்பந்த மீறலன்று; அது குற்றம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்பவனைச் சிறைக்கு அனுப்பலாம். கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் விடுகைச் சீட்டைப் பெறாதவனை வேறு தோட்டத்தார் வேலைக்கு எடுக்கமாட்டார்கள்; அத்துண்டு முறை ஒழிக்கப்பட்டதே 1921இல்தான். தொழிலாளி வேலையைக் கொடுக்கத் தவறினால் அது தண்டனைக்குரிய குற்றம் என்று இருந்த ஒரு சமூகத்தில், ‘வேலைக்குப் போகவேண்டாம்’ என்று பத்துப் பேரிடம் சொன்னவனுடைய கதி என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

குற்றச் சட்டத்தின் பிடி தளர்ந்த இடங்களில் சிவில் சட்டத்தின் பிடி இறுகிற்று. தென் வேல்ஸில் டாஃப் வேல் ரயில்வே ஊழியர் 1900ஆம் ஆண்டில் செய்த வேலைநிறுத்தத்துக்காக, அவர்களுடைய சங்கமே கம்பனிக்கு நஷ்டஈடு செலுத்தக் கடமைப்பட்டது என்று பிரபுக்கள் சபை 1901இல் தீர்த்தது. சங்கத்தின் நிதியிலிருந்து 23,000 பவுண் போயிற்று. அத்தீர்ப்பினால் விளைந்த கொந்தளிப்பே 1906ஆம் ஆண்டின் தொழிற்பிணக்குச் சட்டத்தைப் பிரித்தானியப் பாராளுமன்றத்தினின்றும் பிடுங்கி எடுத்தது.

தமிழருக்கு இதனினும் அணித்தான ஒரு சரித்திரம் சென்னையில் உண்டு. 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியாலும் திரு.வி.க.வின் நாவன்மையாலும் வளர்ந்து, பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் உடைமையாளரான பின்னி கம்பனியாருடன் 1920ஆம் ஆண்டின் இறுதியில் பெரும் பூசலில் இறங்கிற்று. கதவடைப்பும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்த அந்நாட்களில், கம்பனியார் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி, தொழிலாளரைத் தம் ஒப்பந்தத்தை மீறும்படி வாடியா தூண்டினார் என்று நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்து, அவர்மீது இடைக்காலத் தடையுத்தரவும் பெற்றனர். துப்பாக்கி சாதிக்காததை இந்த உத்தரவு சாதித்தது. சமரசம் ஏற்பட்டது, கம்பனியார் நஷ்டஈட்டுக் கோரிக்கையைக் கைவிட்டனர், வாடியா தொழிலாளர் இயக்கத்தினின்றும் விலகினார். இந்தியாவில் நவீன முறையில் முதலில் அமைந்த சங்கம் என்று கூறப்படும் ஒரு சங்கத்தின் தலைவர் ஒரு வழக்குத்தாளினால் அகற்றப்பட்டார் என்பது 1921இல் இந்தியச் சட்டசபையில் என். எம். ஜோஷி தீர்மானம் கொண்டுவருவதற்கும், ஈற்றில் 1926ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் பிறப்பதற்கும் காரணமாயிற்று.

இலங்கையின் 1935ஆம் ஆண்டு 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் இவ்விரு சட்டங்களின் வாரிசு. பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கமோ, அதன் உத்தியோகத்தரோ, அங்கத்தவரோ ஒரு தொழிற்பிணக்கை முன்னிட்டு, அல்லது அதனை முன்னெடுக்கும் பொருட்டுச் செய்த செயலானது, வேறொருவரைத் தொழில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டியது என்ற ஒரே காரணத்துக்காகவோ, இன்னொருவரின் வியாபாரத்தில் தலையிட்டது என்ற ஒரே காரணத்துக்காகவோ சிவில் நீதிமன்றத்தில் வழக்குக்குரியதாகாது என்று அச்சட்டம் கூறுகிறது. ஹட்டனில் நடேசையர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், இது சாதாரணமான காப்பு அன்று. வாடியாவுக்குக் கிடைக்காத கேடயம் அது.

இவ்விடத்தில் இன்னொரு வழக்கையும் நினைவுகூரலாம். தொழிற்சங்க வழக்கு அன்றாயினும், யார் முதலில் பேசவேண்டும் என்ற கேள்விக்கு அது நல்ல விடை தருகிறது. மாத்தளைக்கு அணித்தான மடுல்கலையில் ரெலுகஸ் தோட்டத்துக்குத் தொழில் பயில வந்த பிரேஸ்கேடில் என்னும் ஆஸ்திரேலிய இளைஞர், தொழிலாளர் பக்கம் சாய்ந்து, சமசமாஜக் கட்சி மேடைகளில் தோட்டத்துரைமாரைச் சாடியமைக்காக, ஆள்பதி ஸ்டப்ஸ் 1937 ஏப்ரலில் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம், அவர் மேடையில் பேசியது சரியோ பிழையோ என்னும் ஆராய்ச்சிக்குள் புகவில்லை. அவரை அகற்றுவதற்கு ஆள்பதிக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டது. திருப்தியான விடை கிடைக்காதபடியால் அவரை விடுதலை செய்தது. குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் செயலுக்குச் சமாதானம் கூறுமுன்னர், குற்றஞ்சாட்டுபவர் தமது அதிகாரத்தை மெய்ப்பிக்கவேண்டும் என்னும் நியாயம் அதில் துலங்கிற்று.

இனி, 1935ஆம் ஆண்டின் கேடயத்தைக் கையில் எடுப்பதிலுள்ள சங்கடத்துக்கு வருவோம். ஒரு கற்பனை வழக்கை வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டக் கம்பனி மாத்தளை மாவட்ட நீதிமன்றத்தில், தோட்டத் தலைவர் ஒருவரையும், சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதியையும், சங்கத்தையும் பிரதிவாதிகளாக்கி, தயாரித்த தேயிலையை ஏற்றிவந்த லொறியை வாயிற்கதவில் மறித்ததால் ஏற்பட்ட நஷ்டத்தைக் கோருகிறது. பிரதிவாதிகள் தமது விடையைக் கோவைப்படுத்த வேண்டும். சட்டத்தின் காப்பை நாடுவதாயின், ‘ஆம், லொறியை எடுத்துச் செல்லவேண்டாம் என்று சாரதியிடம் கேட்டோம், அது தொழிற்பிணக்கை முன்னெடுக்கும் பொருட்டுச் செய்தது’ என்று கூறவேண்டும். ஆனால் ‘ஆம்’ என்ற அச்சொல்லை நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கின் அரசுத்தரப்பு காத்திருந்து பற்றிக்கொள்ளக்கூடும்; ஆளை மறித்து வைத்தல், அத்துமீறிப் புகுதல், அச்சுறுத்துதல் ஆகிய குற்றங்களுக்கு அது பாதிச் சாட்சியம். மேலும், சட்டம் காப்பளிப்பது தூண்டுதலுக்கும் வியாபாரத் தலையீட்டுக்கும் மட்டுமே; சாரதியைக் கேட்டுக்கொண்டதற்கும் சில்லின் முன்னே படுத்ததற்கும் இடையே சட்டம் காணும் தூரம் பெரிது. ஆகவே ஒரு வினைச்சொல்லை மாற்றி எழுதினால் கேடயம் கைநழுவிப் போகும். ‘நாங்கள் அங்கே இல்லவேயில்லை’ என்று முழுமையாக மறுத்துவிட்டாலோ, கேடயத்தை எடுக்கவே இடமில்லை.

அநுபவமுள்ள நியாயவாதி இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டுபிடிப்பார்: சம்பவத்தை மறுக்கிறோம், அது மெய்ப்பிக்கப்படினும், சட்டம் அதனைக் காக்கிறது என்று மாற்றுவாதமாக எழுதுவார். ஆனால் அநுபவமுள்ள நியாயவாதியை ஆரம்பத்திலேயே அமர்த்திக்கொள்ளப் பணம் வேண்டும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தினின்றும் விலகிய பின்னர், பல தோட்டங்களில் சம்பளத்தில் சந்தாப் பணம் கழித்துக் கொடுக்கும் வழக்கம் நின்றுபோயிற்று. சங்கத்துக்கு வருவாய் குன்றியதும் வழக்குகள் பெருகியதும் ஒரே காலத்தில் நேர்ந்தன. அதே கம்பனிகள் அந்த வர்த்தமானிக்கு எதிராகவும், 2024இல் 1,700 ரூபாய் வர்த்தமானிக்கு எதிராகவும் சிறந்த நியாயவாதிகளுடன் மேல் நீதிமன்றங்களின் படியேறத் தயங்கவில்லை என்பதை இங்கே சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை.

ஆக, முதல் விடை அவசரத்தில், அல்லது அறியாமையில் எழுதப்படுகிறது. பின்னர் கைபேசிப் படமொன்று வெளிப்பட்டு, தலைவர் வாயிற்கதவிலே நின்றது தெரியவருகிறது. விடையைத் திருத்தலாமா? ஒரு காலத்தில் நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் தாராளமாகவே இருந்தன. எதிர்த்தரப்புக்கு நேர்ந்த செலவைக் கொடுத்துவிட்டுத் திருத்திக்கொள் என்பார்கள். குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 93ஆம் பிரிவை 1991இல் திருத்தியமைத்தபோது அத்தாராளம் சுருங்கிற்று. வழக்கு விளக்கத்துக்கு முதன்முதலாகக் குறித்த நாள் வந்த பின்னர், அனுமதி மறுத்தால் பாரதூரமானதும் ஈடுசெய்ய முடியாததுமான அநீதி விளையும் என்றும், கோருபவர் வீணே தாமதிக்கவில்லை என்றும் நீதிபதி திருப்தியுற்று, அதற்கான காரணத்தைப் பதிவும் செய்தாலன்றித் திருத்தம் இல்லை என்பது அன்று திருத்திய அப்பிரிவின் கருத்து. வழக்குகள் பத்தும் பதினைந்தும் ஆண்டுகள் இழுபடும் ஒரு நாட்டில் இக்கண்டிப்பைக் குறைகூற இயலாது. ஆயினும், கடனைத் திருப்பிக் கேட்கும் வழக்கில் விடையை மாற்றுபவனையும், குற்ற வழக்கொன்று தலைமேல் தொங்கும்போது அச்சத்தால் மௌனமாக இருந்து, அது தீர்ந்தபின் உண்மையைச் சொல்ல வருபவனையும் ஒரே தராசில் நிறுப்பது என் அபிப்பிராயத்தில் நியாயமன்று.

அச்சத்தால் மௌனமாக இருப்பதற்கு உரிமை உண்டா என்பதே அடுத்த கேள்வி. ஆங்கில நாட்டில் நட்சத்திர மண்டபம் என்ற நியாயஸ்தலம் ஆட்களைச் சத்தியம் செய்வித்து அவர்கள் வாயாலேயே அவர்களைக் குற்றவாளிகளாக்கிய கொடுமைக்கு எதிராக, ஜான் லில்பர்ன் சத்தியம் செய்ய மறுத்து, 1638இல் கசையடி பட்டார். 1641இல் அந்நியாயஸ்தலமே ஒழிந்தது. அக்காலந்தொட்டு வளர்ந்த மௌன உரிமைக்கு இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று, தன்னைக் குற்றவாளியாக்கும் கேள்விக்கு விடைகூறாதிருக்கும் உரிமை; இதைப் பலரும் அறிவர். மற்றது அவ்வளவு பிரசித்தமானதன்று: குற்ற வழக்கே இல்லாவிடினும், தண்டப்பணமோ உரிமையிழப்போ நேரக்கூடிய சிவில் விவகாரத்திலும், எதிராளியின் வழக்குக்குத் தானே சாட்சியம் திரட்டிக் கொடுக்க ஒருவனை நிர்ப்பந்திக்கலாகாது என்பது. எதிராளியின் கைவசமுள்ள பத்திரங்களை வெளிப்படுத்தும்படி கட்டளையிட்டு வந்த ஈக்குவிட்டி நீதிமன்றங்கள், தண்டம் வசூலிப்பதற்கு மட்டும் அந்த அதிகாரத்தை இரவல் கொடுக்க மறுத்ததில் பிறந்தது இக்கிளை.

இலங்கைக்கு இவ்விரண்டாவது கிளை முழுமையாக வந்து சேரவில்லை. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 132ஆம் பிரிவில், விடை தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் என்றோ, தண்டத்துக்கோ உரிமையிழப்புக்கோ ஆளாக்கும் என்றோ கூறி ஒரு சாட்சி பதிலளிக்காது விலக முடியாது என்று விதித்தது. அதற்கு ஈடாக, நீதிமன்றம் நிர்ப்பந்தித்துப் பெற்ற விடையைப் பொய்ச்சாட்சி வழக்கிலன்றி வேறு குற்ற வழக்கில் அவனுக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்றும் கூறிற்று. இது நேர்மையான கைமாற்றுப் போலத் தோன்றும். ஆனால் காப்பு உண்டாவது சாட்சிக்கூண்டில், நீதிபதி நிர்ப்பந்தித்த பின்னர். வழக்கின் விடையிலோ, துரைக்கு எழுதிய கடிதத்திலோ தானாகவே ஒப்புக்கொண்டதற்கு அது இல்லை. வேலையிழப்பு, ஊழியப் பணம், பல தோட்டங்களில் வேலையோடு ஒட்டிய லயத்து அறை ஆகியவை சார்ந்த நஷ்டங்களை அது தடுப்பதுமில்லை. ஒரு தோட்டத் தொழிலாளிக்குச் சிறு அபராதம் விதிக்கும் நீதவானைவிட, வேலையையும் வீட்டையும் ஒருசேரப் பறிக்கக்கூடிய காரியாலயக் கடிதமே பெரிய தண்டனை.

இதே விஷயம் ஆஸ்திரேலியாவில் நேரெதிராகத் திரும்பி நிற்பதைப் பார்க்கலாம். அங்கே தொழிற்சங்கங்களுக்கு எதிராகப் பெருந்தொகைத் தண்டப்பணம் கோரும் சிவில் வழக்குகள் மிகுதி. கட்டிடத் தொழிலுக்கென்றே 2005இல் அமைத்த ஆணைக்குழுவானது இடையில் மறைந்து, 2016இல் மீண்டும் தோன்றி, 2023இல் நீங்கும்வரை, அத்தொழிலின் பெரிய சங்கத்தை ஓயாது நீதிமன்றத்துக்கு இழுத்தவண்ணம் இருந்தது. அங்கே சங்கம் என்பது கூட்டுத்தாபனம். கூட்டுத்தாபனத்துக்கு மௌன உரிமை இல்லை என்பது 1993ஆம் ஆண்டின் கால்டெக்ஸ் வழக்கிலிருந்தே தெளிவாகிவிட்டது. மெல்பேர்ணில் 2013இல் கொங்கிறீற் கம்பனியான போரலின் மீது விதித்த பகிஷ்காரத்தில், நீதிமன்றத் தடையுத்தரவைச் சங்கம் மீறிற்று என்று எழுந்த அவமதிப்பு வழக்கில், எமது பத்திரங்களைக் காட்டும்படி எம்மை நிர்ப்பந்திக்கலாகாது என்று சங்கம் வாதாடிற்று; 2015இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிற்று. ஆனால் தனிமனிதனான சங்க உத்தியோகத்தனுக்கு அங்கே தண்டத்துக்கெதிரான மௌனம் உண்டு. தொடக்கத்தில் எல்லாவற்றையும் வெறுமனே மறுத்தோ, ஒப்புக்கொள்ளாதோ விடை தருவான். வழக்காளி தமது சாட்சியம் முழுவதையும் நிறுத்தி முடித்த பின்னரே, வேண்டுமாயின் அவ்விடையைத் திருத்தித் தன் நியாயத்தைக் கூறுவான். நீதிமன்றங்கள் இதை ஏமாற்று என்று கருதாமல் அனுமதித்து வந்திருக்கின்றன. சங்கமும் உத்தியோகத்தனும் ஒரே நியாயவாதியின் கீழ் நிற்கும்போது மாத்திரம் இதில் பெருஞ்சிக்கல்: பேசக் கடமைப்பட்ட சங்கம் பேசினால், பேசாதிருக்க உரிமையுள்ளவனின் மௌனம் பொருளற்றுப் போகும். போதாக்குறைக்கு, தண்டப்பணத்தைச் சங்கம் கொடுக்கலாகாது, உத்தியோகத்தனே தன் பையிலிருந்து கட்டவேண்டும் என்று கட்டளையிடவும் அதிகாரமுண்டு என 2018இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், சங்கத்தின் நலனும் அவனுடைய நலனும் ஒன்றே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவதற்கில்லை.

அங்கே மனிதனுக்குக் காப்பு உண்டு, சங்கம் வெளியே நிற்கிறது. இங்கே சங்கத்துக்கு 1935ஆம் ஆண்டின் கேடயம் உண்டு, அதைத் தூக்கிப் பிடிக்கும் மனிதனோ தன் வாய்ச்சொல்லினால் மாட்டிக்கொள்கிறான். எனக்கு இவ்விரண்டிலும் ஆஸ்திரேலிய ஏற்பாடே மனிதத்தன்மையில் மேலாகத் தோன்றுகிறது. சங்கத்துக்குப் பணம் போனால் சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும், யார் முதலில் பேசுவது என்ற நியாயம் நம் நாட்டில் முற்றாக இல்லாமற் போகவில்லை. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் செய்த திருத்தத்தினால் ஏற்பட்ட தொழில் நியாயசபைகளில், வேலைநீக்கத்தை நிர்வாகம் ஒப்புக்கொள்ளுமாயின், நீக்கியது ஏன் என்பதற்கான சாட்சியத்தை நிர்வாகமே முதலில் அளிக்கவேண்டும். தொழிலாளி அதைக் கேட்டு முடித்த பின்னரே கூண்டிலேறுகிறான். நீதிக்கும் ஒப்புரவுக்கும் ஏற்றதொரு கட்டளையை வழங்குவதே நியாயசபையின் கடமை. சாட்சியக் கட்டளைச் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தாது. இவ்விடுதலை நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடியது. கடிதங்களையும் வாக்குமூலங்களையும் கண்டிப்பான விதிகளின்றியே ஏற்க அதற்கு முடியும் என்பதால், வேலைநிறுத்தத்துக்கு மறுநாள் ஒருவன் எழுதிக்கொடுத்த துண்டுக் கடதாசி அங்கே பெருஞ்சாட்சியமாகிவிடக்கூடும்.

அத்துண்டுக் கடதாசி எழுதப்படும் விதத்தைத் தோட்டப்புறத்தார் அறிவர். குற்றக் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் பதிவார்கள். வாசித்துக் காட்டியதாகக் கீழே ஒரு வரி இருக்கும். அதன் கீழே தமிழிலே ஒரு கையெழுத்து, அல்லது பெருவிரல் அடையாளம். தோட்டத்துக் காரியாலயத்தின் உள்ளக விசாரணையோ, தனியார்துறையில் சட்டம் கட்டாயப்படுத்தாத, வழக்கத்தால் நடந்துவரும் ஒன்று; அதில் சங்கப் பிரதிநிதி உடனிருக்கலாமா, கேள்வி கேட்கலாமா என்பவை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ‘உண்மையைச் சொல்லிவிடு, பார்த்துக்கொள்ளலாம்’ என்று கங்காணியோ கணக்குப்பிள்ளையோ அன்போடு கூறுவதும் உண்டு; அவர்களில் பலர் அதை நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள்.

சங்கங்களின் மாவட்டக் காரியாலயங்களில் சிலர் இதற்கு எளிய முறையொன்றைக் கையாள்கின்றனர். காரணங்காட்டும் கடிதம் வந்தவுடன் விரிவான விளக்கம் எதையும் எழுதவிடாமல், குற்றச்சாட்டுகளை மறுக்கிறேன்; இதே சம்பவத்தைப் பற்றி நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையிலிருப்பதால் அது தீரும்வரை விவரம் கூறும் உரிமையை ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன்; குற்றச்சாட்டுக்கு ஆதாரமான வாக்குமூலங்களின் பிரதிகளைத் தமிழில் தருக என்று மூன்றே வாக்கியங்களில் பதில் அனுப்பச் செய்கிறார்கள். நிர்வாகங்கள் சில இதை ஒத்துழையாமை என்று கொண்டு, விளக்கமில்லை என்ற காரணத்தினாலேயே வேலைநீக்கம் செய்வதும் உண்டு. அவ்வாறு நீக்கப்பட்டவனின் விண்ணப்பம் நியாயசபைக்கு வரும்போது, முதலில் கூண்டிலேறிக் காரணம் கூறவேண்டியவர் துரைதான்.